பருத்தி வேர் யாரை அழைத்தது? கரோலினாவின் சுடுமல்லி: ஒரு நிகழ்வு ஆய்வு

1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடலோரச் சமவெளியில் மக்காச்சோளம் விதைத்தவர்களுக்கு விளங்காத ஒரு தொல்லை வந்தது. மண்ணில் ஈரம் இருக்கும். பயிர் மட்டும் ஒரு மாத வறட்சியில் நின்றதுபோல இலை சுருண்டு, வெளிறி, வளர மறுத்து நிற்கும். இப்படிப்பட்ட வயலைப் பார்க்கும் எவருக்கும் முதலில் சத்துக் குறைபாடு என்று தோன்றும். அடுத்து நூற்புழுவின் மேல் சந்தேகம் போகும். தாளின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் செந்நிறப் பூக்களோடு நின்ற சிறு செடிகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. களை என்றால் எந்த வயலில்தான் இல்லை?

1956இல் அந்தச் செடியை அடையாளம் காட்டியவர் இந்தியாவிலிருந்து அங்கே படிக்கப் போயிருந்த ஒரு மாணவர். ஊரில் பார்த்துப் பழகிய களை அது. இந்தியில் அதை அகியா என்பார்கள். நெருப்பு என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர். தமிழில் சுடுமல்லி. பயிர் எரிந்ததுபோல ஆவதைப் பார்த்த உழவர்கள் இரு மொழிகளிலும் ஒரே பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். தாவரவியலில் அதன் பெயர் ஸ்ட்ரைகா ஆசியாட்டிகா. ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரிய இந்த ஒட்டுண்ணி அமெரிக்கக் கண்டங்களில் பதிவானது அதுவே முதல் முறை.

இந்த நிகழ்வை வேளாண் நூல்கள் ஒரு களை ஒழிப்பு வெற்றியாகச் சொல்கின்றன. அது வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வெற்றிக் கணக்குக்குள் ஒரு கேள்வி அமுங்கிப்போய் ஏறக்குறைய 40 ஆண்டுகள் விடையில்லாமல் கிடந்தது. ஒரு செடியின் வேர், தன்னைக் கொல்ல வரும் ஒட்டுண்ணியை எழுப்பிவிடும் பொருளை ஏன் மண்ணில் கசிய விடுகிறது? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியின் வழியாகத்தான் கரோலினாவைப் பார்க்கிறது.

மண்ணுக்கு அடியில் நடப்பது

சுடுமல்லியின் விதை கால் மில்லிமீட்டர் அளவுதான். கையில் எடுத்தால் பழுப்புநிறத் தூள். ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவ்வளவு சிறிய விதைக்குள் சேமித்த உணவு எவ்வளவு இருக்க முடியும்? முளைத்த சில நாட்களுக்குள் முளைவேர் ஓர் ஓம்புயிரின், அதாவது அது ஒட்டிப் பிழைக்கும் செடியின், வேரைத் தொட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு. அது நீளக்கூடிய தூரமும் சில மில்லிமீட்டர்தான். ஆகவே மழை பெய்தது, மண் சூடானது என்பதற்காக மட்டும் அந்த விதை முளைத்துவிடாது. ஈரத்திலும் வெப்பத்திலும் ஒன்றிரண்டு வாரம் ஊறி ஆயத்தமாகிக் காத்திருக்கும். பக்கத்தில் ஒரு வேர் வந்ததற்கான வேதிச் செய்தி கிடைத்த பிறகுதான் முளைக்கும். செய்தி வராவிட்டால் காத்திருப்பு தொடரும். கரோலினா மண்ணில் புதைத்துச் சோதித்த விதைகள் 14 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தன.

முளைத்த வேர் ஓம்புயிரைத் தொடும் இடத்தில் இன்னொரு வேதிப் பரிமாற்றம் நடக்கிறது. ஓம்புயிர் வேரின் செல்சுவரில் உள்ள பினால் பொருள்களை ஒட்டுண்ணி தானே ஆக்சிஜனேற்றிக் குயினோனாக மாற்றுகிறது. அந்தக் குயினோனே அதற்கு, "இடம் வந்துவிட்டது, ஊன்று" என்ற கட்டளை ஆகிறது. வேர்நுனி வளர்வதை நிறுத்திப் புடைத்து உறிஞ்சு உறுப்பாக மாறுகிறது. அது புறணியைத் துளைத்து உள்ளே போய் ஓம்புயிரின் சைலக் குழாயோடு தன் குழாயை இணைத்துக்கொள்ளும். பிறகு நீரும் தாது உப்பும் பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து கள்ள இணைப்பு எடுத்ததுபோல வந்துகொண்டிருக்கும். சுடுமல்லி தன் இலைத்துளைகளை வறட்சியிலும் அகலத் திறந்தே வைத்திருக்கிறது. நீராவிப்போக்கு அதில் கூடுதலாக இருப்பதால் நீர் அதன் பக்கமே இழுபடுகிறது. ஈர மண்ணில் மக்காச்சோளம் வாடிய மர்மம் இவ்வளவுதான்.

கெடுதலின் பெரும்பகுதி செடி வெளியே தலைகாட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நான்கைந்து வாரம் மண்ணுக்குள் உறிஞ்சிய பிறகுதான் பச்சை இலையோடு மேலே வரும். அப்போது களை எடுப்பது விதை உதிர்வதைத் தடுக்கும். அந்தப் பருவத்துப் பயிரைக் காப்பாற்றாது. களைக்கொட்டு எடுத்தவர்கள் எல்லா நாட்டிலும் தோற்றது இதனால்தான்.

முற்றுகை

அமெரிக்க வேளாண் துறை அஞ்சியது வட, தென் கரோலினாக்களுக்காக மட்டும் அல்ல. மேற்கே நடுப்பகுதி மாநிலங்களில் மைல் கணக்கில் மக்காச்சோளம் நிற்கிறது. இந்தத் தூள் ஒரு டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு அங்கே போய்விட்டால் என்ன ஆகும்? 1957இல் தனிமைப்படுத்தல் ஆணை வந்தது. பாதித்த நிலத்திலிருந்து மண், நாற்று, கிழங்கு, எந்திரம் எதுவும் சோதனையும் சுத்தமும் இல்லாமல் வெளியே போகக் கூடாது. வட கரோலினாவின் வொயிட்வில்லில் ஆய்வுக்கூடம் அமைந்தது. ஆண்டுக்கணக்கில் வயல் வயலாக நடந்து தேடியதில் இரு மாநிலங்களிலும் சேர்ந்து சுமார் 4,32,000 ஏக்கரில் சுடுமல்லி இருப்பது தெரிந்தது.

தொடக்கக் காலத்துப் பாடம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மக்காச்சோளத்தை நிறுத்திவிட்டுப் புகையிலையோ சோயாவோ போட்டால் ஒட்டுண்ணி பட்டினி கிடந்து ஒழியும் என்பது எளிய கணக்கு. அது பலிக்கவில்லை. அந்தப் பயிர்களுக்கு இடையில் தானாக முளைத்த புற்கள், குறிப்பாகக் கிராப்கிராஸ் என்னும் புல், சுடுமல்லிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன. புல்லினத்தில் பலவற்றை அது விடாது. அதனால் மக்காச்சோள வயலில் சுடுமல்லியைக் கொல்லும் மருந்தும், மற்ற வயல்களில் புல்லைக் கொல்லும் மருந்தும் சேர்ந்தே தேவைப்பட்டன. இது விதை உற்பத்தியை நிறுத்தியது. ஏற்கெனவே மண்ணில் கிடந்த விதை இருப்பை என்ன செய்வது?

கொல்வதற்கு ஒரு வழி, எழுப்பிவிடுவது. ஓம்புயிர் அருகில் இல்லாத நேரத்தில் ஏமாற்றி முளைக்க வைத்தால் விதை தானாகச் சாகும். தற்கொலை முளைப்பு என்று இதற்குப் பெயர். அந்தப் பொய்ச் செய்தியை எழுத, வேரிலிருந்து கசியும் உண்மைச் செய்தியின் வேதி வடிவம் தெரிய வேண்டும்.

1966இல் அது கைக்கு வந்தது. வட கரோலினாவின் ரிசர்ச் டிரையாங்கிள் நிறுவனத்தில் சி. ஈ. குக், மன்ரோ வால் உள்ளிட்டோர் பருத்தி வேர்க்கசிவிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். ஸ்ட்ரைகாவை எழுப்புவதால் அதற்கு ஸ்ட்ரைகால் என்று பெயர் வைத்தார்கள். (இதே மன்ரோ வால்தான் மன்சுக் வானியோடு சேர்ந்து கேம்டோதெசின், டாக்ஸால் என்ற இரு புற்றுநோய் எதிர்ப்பு மூலங்களைக் கண்டறிந்தவர். தாவரச் சாற்றில் இருக்கும் அணுவளவுப் பொருளைத் துரத்திப் பிடிப்பதில் அந்தக் குழுவுக்கு நிகர் குறைவு.) ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் 10 கோடியில் ஒரு பங்கு ஸ்ட்ரைகால் கலந்தாலே விதைகளில் பாதி முளைத்தன.

இங்கே ஒரு நொடி நிற்க வேண்டும். பொருள் கிடைத்தது பருத்தி வேரிலிருந்து. பருத்தியைச் சுடுமல்லி ஒட்டிப் பிழைக்க முடியாது. அதன் வேரருகே முளைக்கும், சாகும். அதனால்தான் பருத்தியைப் பொறிப்பயிராகவே பயன்படுத்தினார்கள். சுடுமல்லியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத ஒரு செடி, அதை எழுப்பும் பொருளை ஏன் செய்ய வேண்டும்? விடைக்கான துப்பு 1966இலேயே மேசைமேல் இருந்தது என்பேன். அந்தப் பொருள் சுடுமல்லிக்காகச் செய்யப்பட்டதே அல்ல. களை அறிஞர்களின் கையில் இருந்ததால் அது களைக்கான பொருளாகவே பார்க்கப்பட்டது. பெயரும் அப்படியே அமைந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை. பயிர் எரிந்துகொண்டிருக்கும்போது யாரும் அகராதி புரட்டுவதில்லை.

ஸ்ட்ரைகாலைச் செயற்கையாகச் செய்வது கடினம். அதன் எளிய பதிலியாக ஜிஆர்24 போன்ற சேர்மங்கள் பின்னர் வந்தாலும் மண்ணில் அவை விரைவில் சிதைந்தன. கரோலினாவைக் காப்பாற்றியது வேறொரு, மிக மலிவான பொருள்: எத்திலீன். வாழைத்தாரைப் பழுக்க வைக்க நம் ஊரில் மூட்டம் போடும்போது புகையோடு கலந்து வேலை செய்கிற அதே வாயு. 1970இல் அது சுடுமல்லி விதையை முளைக்க வைக்கும் என்று தெரிந்தது. விதைக்குள் ஸ்ட்ரைகால் செய்யும் வேலையின் ஒரு கட்டமே எத்திலீனை உண்டாக்குவதுதான் என்பது பின்னாளில் புரிந்தது. அதாவது வாயிலில் மணி அடிக்காமல் நேரே படுக்கையறைக்குள் போய் உலுக்கி எழுப்புகிற வேலை. டிராக்டரில் கொழுமுனைகளைக் கட்டி, மண்ணுக்குள் ஹெக்டேருக்குச் சுமார் 1.5 கிலோ எத்திலீனைச் செலுத்தினார்கள். ஒரே முறையில் உயிருள்ள விதைகளில் 90 விழுக்காடு வரை முளைத்து மடிந்தன.

ஐம்பது ஆண்டுக்கு மேல் நீண்ட இந்த வேலையின் முடிவில் 4,32,000 ஏக்கர் என்பது சில ஆயிரம் ஏக்கருக்குள் சுருங்கிவிட்டது.

யாருக்கான செய்தி

2005இல் ஜப்பானின் ஒசாகா மாகாணப் பல்கலைக்கழகத்தில் கோக்கி அக்கியாமாவும் குழுவினரும் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சுடுமல்லிக்கும் தொடர்பே இல்லை. அவர்கள் தேடியது வேர் உட்பூசணத்தைப் பற்றிய ஒரு பழைய புதிருக்கான விடை.

வேர் உட்பூசணம் தமிழக உழவர்களுக்குப் புதிதல்ல. வாம் என்ற பெயரில் மூட்டையில் கிடைக்கிறது. நிலத்தாவர இனங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கின் வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை அது. இந்த உறவுக்கு 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது. உறவின் அடிப்படை மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ். நைட்ரஜன் என்னும் தழைச்சத்தைப் போல மணிச்சத்து நீரோடு ஓடி வருவதில்லை. மண் துகளோடு ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கும். வேர்த்தூவிகள் தம்மைச் சுற்றியுள்ள ஓரிரு மில்லிமீட்டர் மண்ணை உறிஞ்சித் தீர்த்துவிட்டால் அந்த வளையம் வெறுமையாகிவிடும். அதற்கு அப்பால் இருப்பதை எடுக்க வேரை விட மெல்லிய, நீண்ட இழை வேண்டும். பூஞ்சை இழை சென்டிமீட்டர் கணக்கில் வெளியே போய் மணிச்சத்தைக் கொண்டுவருகிறது. கூலியாகச் செடி, தான் ஒளிச்சேர்க்கையில் ஈட்டியதில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட சர்க்கரையும் கொழுப்புமாகக் கொடுக்கிறது. கொழுப்பைச் சொந்தமாகச் செய்யும் திறன் இந்தப் பூஞ்சைக்கு இல்லை. செடி இல்லாமல் அதற்கு வாழ்வில்லை.

மண்ணில் அலையும் இழை வேருக்கு அருகில் வந்ததும் திடீரெனக் கிளை கிளையாகப் பிரிவது முன்பே தெரியும். வேரிலிருந்து ஏதோ கசிந்து அதைத் தூண்டுகிறது என்று ஊகித்திருந்தார்கள். அந்த ஏதோவை அக்கியாமா குழு லோட்டஸ் ஜப்பானிக்கஸ் என்னும் பயறு வகைச் செடியின் வேர்க்கசிவிலிருந்து பிரித்தெடுத்தது. அது 5-டிஆக்ஸிஸ்ட்ரைகால். ஸ்ட்ரைகாலின் ஒட்டிய உறவு.

பருத்தி யாரை அழைத்தது என்பதற்கு இதுதான் விடை. பருத்திக்கும் மணிச்சத்து வேண்டும், பருத்திக்கும் பூஞ்சை வேண்டும். அழைப்பு பூஞ்சைக்கானது, சுடுமல்லி ஒட்டுக்கேட்டது. பூஞ்சை உறவே இல்லாத கடுகு, முட்டைக்கோசுக் குடும்பத்தில் இந்தக் கசிவு மிகக் குறைவாக இருப்பதும் இதோடு பொருந்துகிறது. மணிச்சத்து குறையும்போதெல்லாம் பல செடிகளின் வேர்கள் இதைக் கூடுதலாகக் கசிய விடுகின்றன. சோளம் தழைச்சத்துக் குறைவிலும் அப்படிச் செய்கிறது. சத்தில்லாத நிலத்தில் சுடுமல்லி தலைவிரித்தாடும், உரமும் எருவும் விழுந்த நிலத்தில் அடங்கும் என்று உழவர்கள் கண்டது இதைத்தான். ஏழை நிலத்து வேர் உரக்கக் கூப்பிடுகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் எல்லாருக்கும் அது கேட்கிறது.

கதை இதோடு முடியவில்லை. 2008 செப்டம்பரில் பிரான்ஸிலும் ஜப்பானிலும் இருந்து இரண்டு ஆய்வுகள் ஒரே இதழில் வெளிவந்தன. பட்டாணியிலும் நெல்லிலும் அளவுக்கு மீறிக் கிளைக்கிற, அளவுக்கு மீறித் தூர் கட்டுகிற பிறழ்வு வகைகள் உண்டு. அவற்றில் இல்லாமல் போனது, ஸ்ட்ரைகாலும் 5-டிஆக்ஸிஸ்ட்ரைகாலும் சேர்ந்த இதே ஸ்ட்ரைகோலாக்டோன் குடும்பத்துப் பொருள். செடிக்குள் அது கிளைப்பை அடக்கும் ஹார்மோன். மணிச்சத்து குறைந்த நிலத்தில் நெல் தூர் கட்டாது என்று நம் உழவர்கள் சொல்வதன் பின்னாலும் இந்த மூலக்கூறு நிற்கிறது. வேரிலிருந்து மண்ணுக்குப் போனால் "வா" என்று பூஞ்சைக்கு. தண்டுக்கு ஏறிப்போனால் "வரவு குறைவு, குடும்பத்தைப் பெருக்காதே" என்று மொட்டுக்கு. எனக்கு இந்த முழு நிகழ்விலும் மிகப் பிடித்த இடம் இது. வீட்டுச் செலவைக் குறைப்பதும் வெளியே கடன் கேட்பதும் ஒரே கடிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

சுடுமல்லியின் காது எப்படி இவ்வளவு கூர்மையானது என்பது 2015இல் தெரிந்தது. பல செடிகளில் காட்டுத்தீப் புகையில் உள்ள கேரிக்கின் என்னும் பொருளை உணர்ந்து விதையை முளைக்கத் தூண்டும் ஒரு புரதம் உண்டு. ஸ்ட்ரைகாவின் மூதாதையரில் அந்தப் புரதத்துக்கான மரபணு பலமுறை படியெடுக்கப்பட்டு, படிகளில் பல சிறிது சிறிதாக உருமாறி, ஸ்ட்ரைகோலாக்டோனைப் பிடிக்கும் ஏற்பிகளாகிவிட்டன. நெருப்பின் செய்திக்காக இருந்த காது வேரின் செய்தியைக் கேட்கப் பழகிக்கொண்டது. அகியா என்று பெயரிட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

எத்திலீன் போகாத இடங்கள்

கரோலினா வைத்தியம் ஆப்பிரிக்காவுக்குப் பெயரவில்லை. எத்திலீன் உருளையும் ஊசி பொருத்திய டிராக்டரும் ஆண்டுக்கணக்கில் கண்காணிக்க ஆளும் வேண்டும். அங்கே ஒன்றிரண்டு ஏக்கர் சோளமோ கம்போ போடும் குடும்பத்துக்கு மூன்றும் எட்டாதவை. கரோலினாவில் சுடுமல்லி ஒரு மூலைக்கு வந்த விருந்தாளி. சஹாராவுக்குத் தெற்கே ஸ்ட்ரைகா மண்ணின் மகள்; அங்கே பரவியிருக்கும் முக்கிய இனமான ஸ்ட்ரைகா ஹெர்மாந்திக்கா இன்னும் வலியது.

அங்கே வழி திறந்தது தற்செயலாக. கென்யாவில் விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள ம்பிட்டாவில், பன்னாட்டுப் பூச்சி ஆய்வு நிறுவனமான இசிபேயின் ஜியாவுர் கான் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானை விரட்ட டெஸ்மோடியம் என்னும் பயறு வகைத் தீவனத்தை ஊடுபயிராகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வயல் ஓரத்தில் பூச்சியை இழுக்க நேப்பியர் புல். பூச்சி குறைந்தது, கூடவே ஸ்ட்ரைகாவும் காணாமல் போனது. நிழலாலா, டெஸ்மோடியம் மண்ணில் சேர்த்த தழைச்சத்தாலா என்று பிரித்துப் பார்த்தார்கள். டெஸ்மோடியம் தொட்டியில் வடிந்த நீரை மக்காச்சோளத் தொட்டிக்குப் பாய்ச்சினாலே ஒட்டுண்ணி ஒட்டவில்லை. அந்த வேர்க்கசிவில் ஒரு பொருள் ஸ்ட்ரைகாவை முளைக்கத் தூண்டுகிறது, இன்னொன்று முளைவேரை வளரவிடாமல் முடக்குகிறது. எத்திலீன் செய்த வேலையை ஒரு செடி, பருவம் முழுக்க, மாட்டுக்குத் தீவனமும் கொடுத்துக்கொண்டே செய்கிறது. எனக்குக் கரோலினாவை விட ம்பிட்டாவே பெரிய சாதனை.

இரண்டாவது வழி பயிரின் குரலை மாற்றுவது. குரலை முற்றாக அடக்க முடியாது. அடக்கினால் பூஞ்சை வராது, செடியும் கண்டபடி தூர் கட்டும். எத்தியோப்பியாவில் பிறந்து அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கெபிசா எஜெட்டா தேர்ந்தெடுத்த சோளங்கள் நுட்பமான நடுவழி ஒன்றைக் காட்டின. அவருடைய குழுவின் சோதனை சமையலறைக் கைப்பக்குவம் போன்றது. அகர் கூழில் ஸ்ட்ரைகா விதையைத் தூவி, நடுவில் ஒரு சோளத்தை முளைக்க விட்டு, வேரிலிருந்து எவ்வளவு தூரம் வரை ஒட்டுண்ணி எழுகிறது என்று அளந்தார்கள். தூரம் குறைந்த சோளங்கள் வயலிலும் தாக்குப்பிடித்தன. 2009இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தச் சோளங்களில் என்ன மாறியிருக்கிறது என்பது 2017இல் வெளியானது: எல்ஜிஎஸ்1 என்ற ஒரே மரபணு செயலிழந்து, வேர் 5-டிஆக்ஸிஸ்ட்ரைகாலுக்குப் பதிலாக ஓரோபன்கால் என்ற உறவுப் பொருளைக் கசிய விடுகிறது. செடிக்கு உள்ளே ஹார்மோன் வேலை கெடவில்லை. சோளத்தைத் தாக்கும் ஸ்ட்ரைகாவின் காதில் மட்டும் அது சரியாக விழவில்லை.

தமிழகத்தில் சுடுமல்லி இன்று சோளத்தோடு கரும்பிலும் வந்து நிற்கிறது. வேளாண் பரிந்துரைகள் களைக்கொல்லி, உரம், கைக்களை, ஊடே பொறிப்பயிர் என்று போகின்றன. இந்தப் பட்டியலில் பொறிப்பயிருக்கு உழவர்கள் தரும் இடம் குறைவு. மருந்துபோல மறுவாரமே அது கண்ணுக்குத் தெரியாது. மண்ணுக்குள் இருப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவதை எந்த உழவரும் நேரில் பார்க்க முடியாது.

எல்ஜிஎஸ்1 சோளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஓரோபன்கால் யாருக்குமே கேட்காத குரல் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில் தட்டைப்பயறின் வேர் கசிய விடுவதில் அதுவும் ஒன்று. தட்டைப்பயறைத் தாக்கும் ஒரு ஸ்ட்ரைகா இருக்கிறது, ஸ்ட்ரைகா ஜெஸ்னெரியாய்டஸ். அது ஓரோபன்காலைக் கேட்டு எழுகிறது. சோளத்தைத் தாக்கும் ஹெர்மாந்திக்காவோ அயல் மகரந்தத்தில் கருவுறும் இனம். ஒவ்வொரு வயலிலும் அதன் விதைகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஏற்பிகளும் அதனிடம் ஒன்றல்ல, பத்துக்கு மேல்.